மலைக்குப் போகும் வெல்லம்

அத்தியாயம் 11

அஸ்ரப் நிஷா ஜெயித்துவிட்டாள் என்று போன வாரம் சந்தோஷப்பட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரமலான் பிறை பார்த்த அன்று மகள் தலையில் கை வைத்து, இனிமேல் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று ஷேக் மைதீன் சத்தியம் செய்தது நிஜம். அதைக் கேட்டு அவன் மனைவி நிஷா அழுதுகொண்டே தொழுததும் நிஜம். ஆனால் சத்தியம் செய்தது அவன் வாய். ஆறு வருஷமாகக் குடித்துப் பழகிய உடம்பை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாவது நோன்பன்று காலையில் உடம்பு தன் பதிலைச் சொல்ல ஆரம்பித்தது.

மார்கழிக் குளிர். கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஆட்கள் மஃப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடை அடுப்பை ஒட்டி நின்றார்கள். மைதீனுக்கோ பனியனைப் பிழியலாம், அப்படி வேர்வை. விடியுமுன் சஹர் சாப்பாட்டின்போது தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி மடியில் கொட்டிவிட்டது.

"இன்னாடா, ஒடம்பு இப்பிடி நடுங்குது?" என்று கேட்டாள் அம்மா காசிம் பீவி.

"குளுருதும்மா" என்றான்.

"மொத மூணு நோன்பு அப்பிடித்தான் இருக்கும். வெறும் வயிறு. போவப் போவ சரியாயிடும்."

காசிம் பீவிக்கு மகன் குடிப்பது தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும் என்றும் சொல்ல முடியாது. லோடு இறக்கிவிட்டு அவன் திரும்பி வரும் நாட்களில் அவள் சீக்கிரம் படுத்துவிடுவாள். அந்த வீட்டில் எல்லோரும் ஏதாவது ஒன்றைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டவர்கள்.

ஷேக் தாவூது வெல்ல மண்டியை ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. முதலாளி ஷேக் தாவூது பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி. ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். பீடி பிடிக்கிறவனைக்கூட மண்டிக்குள் உட்கார விடமாட்டார். அவருடைய மூத்த மகன் மைதீன்தான், லோடு ஏற்றும் பச்சமுத்துவோடு கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு வேனில் வெல்லம் கொண்டு போவான். மலையில் இருக்கிற வீடுகள் எத்தனை, போகிற மூட்டைகள் எத்தனை என்று யாராவது யோசித்தால் போதும். அவ்வளவு வெல்லமும் பாயசத்துக்குப் போகவில்லை, ஓடையோரத்துச் சாராய ஊறல் பானைக்குப் போகிறது என்பது கடைவீதிக்கே தெரியும். முதலாளி மட்டும் கேட்டதில்லை. வெல்லம் ஹலாலான சரக்கு. அதற்குமேல் அவர் கணக்கில் எதுவும் இல்லை.

நிஷா காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே நேற்றைய சாயங்காலத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். குளியலறைப் பரணில் மைதீன் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அவன் பின்னாலேயே வந்து நின்றான்.

"நிஷா, ஒரே ஒரு மூடி. நோன்பு தொறந்தாச்சில்ல. ஒரு மூடி குடுத்தா நடுக்கம் நின்னுடும். அப்புறம் கேக்கவே மாட்டேன்."

"புள்ள தலையில சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"தெரியும். ஒடம்பு கேக்க மாட்டேங்குது நிஷா."

அவன் கண் முன்னாலேயே பாட்டிலைக் கவிழ்த்தாள். சாக்கடையில் அது போய் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்ப் படுத்துக்கொண்டான். கல்நெஞ்சாக இருந்துவிட்டோமே என்று அவளுக்கு வலித்தது. ஆனாலும் இதுதான் அவனுக்கு நல்லது என்று மனசைக் கட்டிப்போட்டுக்கொண்டாள். நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பு இருக்கிறதே, அது சில நேரம் கண்ணை நன்றாகவே கட்டிவிடும்.

உள் அறையில் துடைப்பத்தால் சுவரை அடிக்கிற சத்தம் கேட்டது. ஓடினாள்.

மைதீன் கட்டில்மேல் ஏறி நின்று வெள்ளைச் சுவரைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"எறும்பு நிஷா! மூட்டையெல்லாம் எறும்பு. அத்தா பாத்தா திட்டுவாரு. பச்சமுத்துவக் கூப்பிடு, சரக்க வெளிய எடுக்கச் சொல்லு."

சுவரில் ஒன்றுமே இல்லை. வீட்டு அறையில் மூட்டை எங்கிருந்து வரும்?

"ஏங்க, இது நம்ம வூடு. எறங்குங்க."

"கையில ஏறுது பாரு. தட்டிவுடு! தட்டிவுடு!"

அவன் தன் முழங்கையைத் தானே பிறாண்டிக்கொண்டான். ரத்தம் கோடு போட்டது. காசிம் பீவி வந்து பார்த்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஹஜ்ஜுக்குப் போன உறவுக்காரர் கொடுத்த ஜம்ஜம் தண்ணீரைக் கொண்டுவந்து ஓதி மகன் முகத்தில் தெளித்தாள். "யாரு கண்ணு பட்டுச்சோ எம்புள்ள மேல" என்று நெட்டி முறித்தாள்.

அந்தத் தண்ணீர் அவன் கழுத்தில் வழிந்துகொண்டிருக்கும்போதே கண் மேலே செருகியது. உடம்பு விறைத்தது. கட்டிலிலிருந்து சாய்ந்து விழுந்தான். கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

"தம்பீ!" என்று நிஷா போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மைதீனின் தம்பி சாதுல்லா முன்கூடத்திலிருந்து ஓடிவந்தான். போன வருஷம்தான் காலேஜ் முடித்தவன். அண்ணன் குடிப்பது நிஷாவுக்கு அடுத்து நன்றாகத் தெரிந்தது அவனுக்குத்தான். எத்தனையோ தடவை வாசலிலேயே அண்ணனைத் தாங்கிப் பிடித்து, அத்தா கண்ணில் படாமல் உள்ளே கொண்டுவந்து விட்டிருக்கிறான். இப்போதும் அவனே தூக்கினான். மண்டி வேனின் பின்பக்கத்தில் சாக்கை விரித்துப் படுக்கவைத்துவிட்டு, வேனை எடுத்தான். வெல்லப் பிசுக்கு ஒட்டிய தகரத்தில் நிஷா உட்கார்ந்து மைதீன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் ராஜாம்பாளின் நர்சிங் ஹோம் இரண்டு தெரு தள்ளி. அவர்கள் போய்ச் சேர்வதற்கும் ஷேக் தாவூது மண்டியிலிருந்து தஸ்பீஹ் மணியும் கையுமாக வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சிக்கனமாகப் பேசுகிறவர். மைதீனுடைய கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், கழுத்தை மடக்கிப் பார்த்தார், நீட்டிய விரல்கள் நடுங்குவதை ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்.

"முன்னாடி வலிப்பு வந்ததுண்டா?"

"இல்லம்மா" என்றார் தாவூது.

"தலையில அடி ஏதாவது? காய்ச்சல்?"

"ஒண்ணும் கெடையாது. நோன்பு வெச்சிருந்தான், அவ்ளோதான்."

"குடிப்பாரா?"

தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"இன்னா கேள்விம்மா இது? எங்க வூட்ல தலமொறையா அந்த வாசமே கெடையாது. நான் யாருன்னு வெளிய கேட்டுப் பாருங்க."

டாக்டர் நிஷாவைப் பார்த்தார். நிஷா தரையைப் பார்த்தாள். நாத்தனார் மெகருன்னிசாவுக்குப் பெருநாள் முடிந்ததும் நிக்காஹ். உளுந்தூர்பேட்டை சம்பந்தம். முத்தவல்லி வீட்டுப் பெண் என்று தேடி வந்தவர்கள். இந்த ஆஸ்பத்திரியில் பேசுகிற பேச்சு நாளைக்குப் பஸ் ஏறிப் போய்விடும்.

"மூளைக் காய்ச்சலா இருக்கலாம்" என்றார் டாக்டர். "அந்தப் பரிசோதனைக்கு இங்க வசதி இல்ல. உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டு போயிடுங்க. கார் சொல்றேன். வழியில மறுபடி வலிப்பு வந்தா கஷ்டம்தான். வேற வழியில்ல."

"சரிம்மா. கார் சொல்லுங்க."

நர்ஸ் போன் பக்கம் போனாள். உள்ளே மைதீன் முனகுவது கேட்டது. சாதுல்லா நிஷாவைப் பார்த்தான். அவன் கண்ணில் கெஞ்சல் இருந்தது. ஆனால் அத்தா எதிரில் அவன் வாய் திறக்கமாட்டான், இதுவரைக்கும் திறந்ததும் இல்லை. சொல்ல வேண்டியவள் அவள் ஒருத்திதான். மானம் போனால் போகிறது, அவன் போனால் என்ன செய்வேன் என்று ஒரு நினைப்பு வந்ததே, அதுதான் அவளைத் தள்ளிவிட்டது.

"குடிப்பாருங்க" என்றாள்.

"நிஷா!"

"குடிப்பாரும்மா. ஆறு வருஷமா. தெனம் காலைல எழுந்ததும் குடிச்சாத்தான் கை நிக்கும். பிறை பாத்த அன்னிக்கு நிறுத்தினாரு. நான்தான் நிறுத்த வெச்சேன். புள்ள தலையில சத்தியம் வாங்கினேன். நேத்து ஒரு மூடி கேட்டாரு, அதையும் கொட்டிட்டேன்."

சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் போனைக் கீழே வைக்கச் சொல்லி நர்ஸுக்குக் கை காட்டினார். "உள்ள வாங்க" என்று நிஷாவை மட்டும் அழைத்துப் போனார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நடுக்கத்தை அடக்க ஒரு ஊசி. சத்து குறைந்து மூளை பாதிக்காமலிருக்க ஒரு வைட்டமின் ஊசி. அப்புறம்தான் குளுக்கோஸ். குழாயைப் பிடுங்கி எறியாமலிருக்க இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு தளர்வாகக் கட்டினார்கள்.

"ஏம்மா, குடிய நிறுத்தினா நல்லதுதானே? அதுக்குப் போயி இப்பிடி ஆவுமா?" என்று கேட்டாள் நிஷா.

"நல்லதுதான். ஆனா இத்தனை வருஷம் தினம் குடிச்ச ஒடம்பு ஒரே நாள்ல நிறுத்தினா தாங்காதும்மா. வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், சில பேரு செத்தே போயிடுவாங்க. மருந்து குடுத்து, பக்கத்துல வெச்சுப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும்."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"நீங்க யார்கிட்டயாவது கேக்கக்கூடிய வீட்லயா இருந்தீங்க?" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. "உங்க மேல தப்பில்ல. இப்ப சொன்னீங்க பாருங்க, அது போதும். இல்லன்னா பாண்டிச்சேரி போற வழியிலேயே என்ன ஆயிருக்குமோ."

நிஷா அழுதாள். அத்தனை நாளும் தன் பிரியத்தால் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தவளுக்கு, அந்தப் பிரியமே அவனைக் குழி வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று தெரிந்தால் அழாமல் என்ன செய்வாள்?

வெளியே வந்தாள். மாமனார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்க்காமலே பேசினார்.

"நாலு பேரு நிக்கிற எடத்துல எந்தலைல மண்ண வாரிப் போட்டுட்ட."

"மாமா, அவரு பொழைச்சிக்குவாராம்."

அவர் மறுபடி மணி உருட்ட ஆரம்பித்தார்.

அன்று பகல் முழுவதும் நிஷா மாடி அறையில் கட்டில் பக்கத்தில் இருந்தாள். அவன் உளறுவதை மறுத்து வாதாட வேண்டாம், எங்கே இருக்கிறான், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னாள். "இது ஆஸ்பத்திரி. நான் நிஷா. எறும்பு போயிடுச்சி." அவன் கொஞ்சம் அடங்குவான். மறுபடி கண் அலையும். நர்ஸ் வந்து இன்னொரு ஊசி போடுவாள்.

சாயங்கால அஸர் தொழுதுவிட்டு தாவூது அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. பெற்ற மனம், வராமலும் இருக்க முடியவில்லை.

மைதீன் திடீரென்று சிரித்தான். மலையில் சாராயம் காய்ச்சுகிறவளிடம் பேசுகிற குரலில் பேசினான்.

"இருசம்மா, ஊத்து. இன்னா யோசிக்கிற? சரக்கு சுத்தம். எங்க அத்தா ஒவ்வொரு உருண்டையா பாத்து அனுப்பிச்சது. ரெண்டே நாள்ல நொரைச்சிக்கினு வரும் பாரு."

நிஷா அவன் வாயைப் பொத்தப் பார்த்தாள்.

"அத்தாவா? அவரு கேக்கமாட்டாரு. எதுக்கு இவ்ளோ வெல்லம்னு ஒரு நாளாவது கேட்டாரா? கேட்டா சொல்லலாம்னுதான் நானும் இருக்கேன். கேக்கவே மாட்டேங்குறாரே."

அதைச் சொல்லும்போது அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. நிஷா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். மாமனார் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய முகம் அப்படிக் கலங்கி அவள் பார்த்ததே இல்லை. அவர் மேல் இருந்த பயமெல்லாம் போய்ப் பாவமாக இருந்தது அவளுக்கு.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார்.

"ஒரு வாரம் இங்க இருக்கட்டும் அய்யா. இப்ப நான் குடுக்கறது நடுக்கத்துக்கு மருந்து. குடிய விடறது அதுக்கப்புறம்தான் ஆரம்பமே. மாசக்கணக்கா ஆகும், நீங்கல்லாம் கூட இருக்கணும். மறுபடி அந்த மலைக்கு அனுப்பினீங்கன்னா நான் பண்றதெல்லாம் வீண்."

"சரிம்மா" என்றார் தாவூது. "அவன் இனிமே மலை ஏறமாட்டான்."

அந்த வார்த்தை நிஷாவின் நெஞ்சில் பால் வார்த்தது. கெட்டதிலும் ஒரு நல்லது நடந்துவிட்டது என்று நினைத்தாள். அல்லாவுக்கு நன்றி சொன்னாள்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது சாதுல்லா பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்திருந்தான். மூன்று பேரும் வராந்தாவில் உட்கார்ந்து நோன்பு திறந்தார்கள். தாவூது ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து முதலில் நிஷாவிடம் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் நீட்டினார். நிஷா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டாள்.

கஞ்சி குடித்து முடித்துத் தொழுதுவிட்டு வந்தவர், சின்ன மகனைக் கூப்பிட்டார்.

"பச்சமுத்து லோடு ஏத்திட்டானா?"

"ஏத்திட்டான் அத்தா. வேன் கீழதான் நிக்குது."

"மலையில எதிர்பாத்துக்கினு இருப்பாங்க. நாள் பூரா தள்ளிப் போச்சி. நீ போயிட்டு வந்துடு."

சாதுல்லா தலையை நிமிர்த்தினான். "நானா அத்தா?"

"வேற யாரு? அண்ணன் படுத்துக்கெடக்குறான். யாபாரம் நிக்கலாமா? பச்சமுத்து வழி காட்டுவான். எறக்கிட்டு ஒடனே கெளம்பிடு. அங்க யாரு இன்னா குடுத்தாலும் தொடாத, தண்ணிகூட வாங்காத. நோன்பாளி நீ. ஒண்ணும் ஆவாது."

நிஷா அவரையே பார்த்தாள். அறை வாசலில் நின்று அந்தப் பேச்சைக் கேட்டுக் கலங்கியவர் இவர்தானா?

"மாமா, தம்பி போவ வேணாம்."

"நீ இன்னிக்குப் பேசுனது போதும்."

"மாமா, காலு வேணும்னாலும் புடிக்கிறேன். அவரு உள்ள சொன்னதக் கேட்டீங்க இல்ல? இத்தினி நாளு தெரியாது. இப்ப தெரியும் இல்ல?"

"வெல்லம் விக்கிறேன்மா. ஜனங்க அத இன்னா பண்றாங்கன்னு பாக்குறது என் வேல இல்ல." அவர் எழுந்து நின்றுவிட்டார். "நிக்காஹ் இருக்கு, மண்டி இருக்கு. ஒருத்தன் விழுந்துட்டான்னு எல்லாத்தையும் மூடிட முடியுமா?"

நிஷா கொழுந்தனிடம் திரும்பினாள். "தம்பி, நீ சொல்லு. மாட்டேன்னு சொல்லு."

சாதுல்லா அத்தாவைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். அன்று காலையில் அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோது இருந்த வேகமெல்லாம் அவனிடம் இப்போது காணோம்.

"அத்தா சொல்றத எப்பிடி அண்ணி..." என்றான். வேன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான். தாவூதும் பின்னாலேயே இறங்கிப் போனார்.

நிஷா அறைக்குள் வந்து கட்டில் காலருகே உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கீழே வேன் இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது.

"நிஷா."

திடுக்கிட்டுத் திரும்பினாள். மைதீன் கண் விழித்திருந்தான். காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்த கண்கள் அவள்மேல் நேராக நின்றன. அவன்தான், அவளுடைய மைதீன்தான்.

"நம்ம வண்டி சத்தம் கேக்குதே. யாரு எடுத்துக்கினு போறா?"

பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"சாதுல்லா. மலைக்கு."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். கட்டியிருந்த துணி இழுத்தது. மணிக்கட்டு சிவக்கிற வரைக்கும் இழுத்தான்.

"இத அவுரு. ஓடிப் போயி நிறுத்து அவன."

"மாமாதான் அனுப்பினாரு. நோன்பாளி, ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னாரு."

மைதீன் இழுப்பதை விட்டுவிட்டான். தலையணையில் சாய்ந்தான். கண் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. கை கட்டியிருந்ததால் அவனால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"நான் மொத லோடு போனதும் ரமலான்லதான் நிஷா. என்கிட்டயும் அத்தா இதையேதான் சொன்னாரு."

நிஷா செருப்புகூடப் போடாமல் மாடிப்படி இறங்கி ஓடினாள். தெருவில் வேன் இல்லை. வாசல் விளக்கடியில் மாமனார் மட்டும் இரண்டு கையையும் ஏந்தி நின்று, சின்ன மகன் நல்லபடியாகப் போய்த் திரும்பி வரவேண்டும் என்று கண்ணீரோடு துஆ கேட்டுக்கொண்டிருந்தார்.